சாத்பூரா மலையடிவாரத்துப் பள்ளிக்கூடங்கள்

வடநாட்டிலிருந்து ஊர் திரும்பும் நம்மவர்க்கு இட்டார்ஸி சந்திப்பு புதிய இடமன்று. டில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையும், மும்பையிலிருந்து ஜபல்பூர் வழியாகக் கிழக்கே செல்லும் பாதையும் குறுக்கிடும் இடம் அது. கிராண்டு டிரங்கு விரைவு வண்டி அங்கே நின்றதும் நம்மவர்கள் இறங்கித் தேநீர் அருந்துவார்கள். குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் ஏறிவிடுவார்கள். அந்த நடைமேடைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறிய அவர்களுக்கு நேரமில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அவ்வூரில் பயணச்சீட்டு அலுவலகத்தில் பணியாற்றும் எனக்கோ வார ஓய்வு நாள் ஒன்று உண்டு. அந்நாட்களில் நான் கண்ட பள்ளிக்கூடங்களைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இட்டார்ஸிக்கு வடக்கே நர்மதை பாயும் சமவெளி; கரிசல் மண்; கோதுமையும் சோயாவும் விளையும் செழிப்பான நிலம். தெற்கே சாத்பூரா மலைத்தொடர். தேக்கும் இலுப்பையும் நிறைந்த காடு. அங்கே கோண்டு மக்களும் கோர்க்கு மக்களும் வாழ்கிறார்கள். சமவெளியும் மலையும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில்தான் இருக்கின்றன. எனினும் பள்ளிக்கூடத்தின் நிலையைப் பார்த்தால் இரண்டும் இருவேறு உலகங்கள்.

முதலில் சமவெளியைச் சொல்கிறேன். ஹோஷங்காபாத் மாவட்டம் என்று நாம் அறிந்த பகுதிக்கு 2022-ஆம் ஆண்டில் நர்மதாபுரம் என்று பெயர் மாற்றினார்கள். இந்திய நாட்டின் கல்வி வரலாற்றிலே பழைய பெயர்தான் நிலைத்து நிற்கிறது. 1972-ஆம் ஆண்டில் கிஷோர் பாரதி என்னும் அமைப்பும், ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையமும் சேர்ந்து, இம்மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானத்தைப் புது முறையில் கற்பிக்கத் தொடங்கின. பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பது அங்கே கல்வியாகாது. மாணவர் நால்வர் நால்வராக அமர்ந்து சோதனை செய்வார்கள்; கண்டதை எழுதுவார்கள்; தமக்குள் வாதிட்டு முடிவு காண்பார்கள். பூவைப் பிரித்துப் பார்க்க விலையுயர்ந்த ஊசி வேண்டுமோ? வேலியோரத்துக் கருவேல முள் போதும். சைக்கிள் டியூபின் வால்வுக் குழாயும் தீக்குச்சியும் இருந்தால் முக்கோணமும் கனசதுரமும் செய்துவிடலாம். தேர்விலே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே விடை எழுதலாம். ஏனெனில் கேட்கப்பட்ட வினாவின் விடை புத்தகத்தில் அப்படியே இராது!

இம்முறையின் உயிர்நாடி ஆசிரியரே. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் கோடை விடுமுறையில் வந்து கிராமத்து ஆசிரியர்களுடன் ஒரே கூடத்தில் அமர்ந்து சோதனை செய்தார்கள். பின்னர் மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடித் தம் இடர்ப்பாடுகளைப் பேசினார்கள். மாணவர்களின் ஐயங்களுக்கு விடை எழுத ‘சவாலிராம்’ என்று ஒரு கற்பனை மனிதரையே படைத்தார்கள். குழந்தைகள் அவருக்கு அஞ்சல் எழுதினார்கள். 1978-இல் இத்திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982-இல் இதனை நடத்த ஏகலவ்யா என்னும் நிறுவனம் தோன்றியது. பிற மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது. 2002-ஆம் ஆண்டில் மாநில அரசு இதனை நிறுத்திவிட்டது.

முப்பது ஆண்டு உழைப்பு ஓர் ஆணையில் நின்றது. அக்காலத்தில் பயிற்சி பெற்ற முதிய ஆசிரியர் ஒருவர் என் சாளரத்திற்குப் பயணச்சீட்டு வாங்க வருவதுண்டு. “திட்டம் போய்விட்டதே, குருஜி?” என்று ஒருமுறை கேட்டேன். “திட்டம் போயிற்று, பாபுஜி. கேள்வி கேட்கும் பழக்கம் போகவில்லை. என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் இன்று ஆசிரியர்களைக் கேள்வி கேட்டுத் துளைக்கிறார்கள்” என்று சிரித்தார். கிராமத்து ஆசிரியரை ஆணைக்குக் கீழ்ப்படியும் ஊழியராகக் கருதாமல், சிந்திக்கும் துணைவராக மதித்தால் என்ன விளையும் என்பதற்கு அந்தச் சிரிப்பே சான்று.

இனி மலைக்குச் செல்வோம். எங்கள் பகுதியில் தண்டவாளப் பராமரிப்பு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் கோண்டு இனத்தவர். “ஒருநாள் எங்கள் ஊருக்கு வரவேண்டும், பாபுஜி” என்று நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு மாசி மாதத்தில் அவருடன் பயணிகள் வண்டியில் கோராடோங்ரி வரையில் சென்றேன். இட்டார்ஸியைத் தாண்டியதுமே காடு தொடங்கிவிடுகிறது. தேக்கிலைகள் உதிர்ந்து தரையெல்லாம் செம்பழுப்பாகக் கிடந்தது. இன்னும் தெற்கே, பேதூலுக்குப் போகும் வழியில், ஏற்றம் மிகுதியாதலால் சரக்கு வண்டிகளுக்குப் பின்னாலும் எஞ்சின் பூட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. அந்த மலைநாட்டில் எதுவும் ஒரே எஞ்சினால் ஏறுவதில்லை. கல்வியும் அப்படித்தான் என்பதை அன்று கண்டேன்.

நிலையத்திலிருந்து நெடுந்தொலைவு பகிர்வு ஜீப்பிலும் பின்னர் கால்நடையாகவும் சென்றோம். ஊருக்கு நடுவே ஓட்டுக் கூரையுடன் பள்ளிக்கூடம். இரண்டு அறைகள், ஒரு தாழ்வாரம். ஐந்து வகுப்புகளுக்கு ஆசிரியர் இருவர். அவர்களிலும் ஒருவர் அன்று வாக்காளர் பட்டியல் பணிக்குச் சென்றிருந்தார். மற்றவர், முப்பது வயதுக்கு மேற்படாத இளைஞர், ஐந்து வகுப்புகளையும் வட்டவட்டமாக உட்காரவைத்து ஒரு வட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு நடந்துகொண்டே இருந்தார். மூன்றாம் வகுப்பிற்குக் கணக்குக் கொடுத்துவிட்டு முதல் வகுப்பிற்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். அதற்குள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரண்டாம் வகுப்பிற்கு வாசித்துக் காட்டுவாள்.

இப்பள்ளி பிறந்த கதையும் அறியத்தக்கது. ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இல்லாத இடத்தில் 40 குழந்தைகள், பழங்குடிப் பகுதியாயின் 25 குழந்தைகள், இருந்து பெற்றோர் கேட்டால், 90 நாட்களுக்குள் பள்ளி திறந்து தருவதாக 1997-இல் மத்தியப் பிரதேச அரசு உறுதி கூறியது. அவ்வாறு திறக்கப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. உள்ளூரில் படித்த ஒருவரே ‘குருஜி’ என்று சிறு மதிப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார். பள்ளி வாசலுக்கே வந்தது நன்மை. ஆனால் கிராமத்துக் குழந்தைக்குக் குறைந்த ஊதியத்து ஆசிரியர் போதும் என்ற எண்ணமும் அதனுடன் வந்தது. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 30 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்று விதிக்கிறது. கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிரக் கல்விக்குப் புறம்பான வேறு பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்றும் சொல்கிறது. விலக்கப்பட்ட அந்த மூன்று பணிகளே ஈராசிரியர் பள்ளியைப் பாதி நாள் ஓராசிரியர் பள்ளியாக்கிவிடப் போதும்.

“குழந்தைகள் ஒழுங்காக வருகிறார்களா?” என்று ஆசிரியரைக் கேட்டேன். “இன்னும் சில வாரங்களில் வந்து பாருங்கள், பாபுஜி. பாதி இடம் காலியாக இருக்கும்” என்றார். பங்குனி பிறந்தால் இலுப்பைப் பூ உதிரும்; விடியற்காலையில் குடும்பமே பூப் பொறுக்கச் செல்லும். சிலர் கோதுமை அறுவடைக்கு நர்மதைச் சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள். பெற்றோருடன் பிள்ளைகளும் போவார்கள். திரும்பி வரும்போது தேர்வு முடிந்திருக்கும். இதைச் சோம்பல் என்று சொல்லலாமா? அது அக்குடும்பத்தின் ஆண்டு வருமானம்.

ஆயினும் அன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. தாழ்வாரத்தில் ஒரு சிறுவன் புளியங்கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். “உந்தி, ரண்ட், முந்த், நாலுங், சய்யுங்…” என் காதுகளை நம்ப முடியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து! கண்ணைக் காட்டிக் கேட்டேன், ‘கண்’ என்றான். கையை நீட்டினேன், ‘கை’ என்றான். கோண்டி மொழி நம் தமிழோடு ஒரே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதனை ஒரு குழந்தையின் வாயால் கேட்டது அன்றுதான். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறக்குறைய 30 லட்சம் பேர் பேசும் மொழி அது. எனினும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் அதற்கு இடமில்லை; அப்பள்ளியின் பாடப் புத்தகத்திலும் அதற்கு ஒரு பக்கமில்லை. வீட்டில் கோண்டி பேசும் குழந்தை, முதல் வகுப்பில் இந்தியைக் கேட்டுத் திகைத்து அமர்ந்திருக்கிறது. அதற்கு அறிவில்லை என்று ஆய்வாளர் எழுதிச் செல்கிறார். அந்த இளம் ஆசிரியர் கோண்டி தெரியாத ஊரிலிருந்து வந்தவர். சமையல் செய்யும் அம்மையாரிடம் சொற்களைக் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். ‘மழை’, ‘மாடு’, ‘பசிக்கிறது’ என்று தொடங்கிய அப்பட்டியல் நாற்பது பக்கம் வளர்ந்திருக்கிறது. எந்தப் பயிற்சிக் கல்லூரி அதனை அவருக்குக் கற்பித்தது?

நண்பகலில் அவ்வம்மையார் பருப்பும் ரொட்டியும் பரிமாறினார். அந்த வரிசையைக் கண்டதும் நம் நாட்டு நினைவு வந்தது. 1956-இல் காமராஜர் காலத்தில் நம் பள்ளிகளில் பரவிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவும் வழிகாட்டின. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. தமிழகத்தில் ஏற்றிய அடுப்பின் வெப்பம் சாத்பூராக் காட்டிலும் ஒரு குழந்தையின் வயிற்றைக் காக்கிறது என்பது நமக்குப் பெருமைதானே?

மாலையில் பெரியவரின் வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு நடந்தது. இரண்டாம் வகுப்பிற்கு வாசித்துக் காட்டிய சிறுமி அவருடைய பேத்திதான். ஐந்தாம் வகுப்பு முடிகிறது. நடுநிலைப் பள்ளி ஓடைக்கு அப்பால். மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க இயலாது. கஸ்தூரிபா காந்தி பெண்கள் உறைவிடப் பள்ளியில் சேர்க்கலாம் என்று ஆசிரியர் விண்ணப்பத்துடன் வந்திருந்தார். இத்தகைய சிறுமியருக்காக 2004 முதல் நடக்கும் பள்ளிகள் அவை. தாத்தா சம்மதித்தார், பாட்டி மறுத்தாள். “போகட்டும், படிக்கட்டும். திரும்பி வந்து என்னோடு என்ன மொழியில் பேசுவாள்?” என்று கேட்டாள். ஆசிரியரிடமும் விடையில்லை, என்னிடமும் இல்லை. வெகுநேரம் கழித்து ஆசிரியர் தம் நோட்டுப் புத்தகத்தைப் பாட்டியிடம் காட்டினார். “அவளும் இப்படி ஒன்று எழுதட்டும், அம்மா. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உங்களிடம் வாசித்துக் காட்டட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். சிறுமி இவ்வாண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது அவள் வாசிக்க, பாட்டி இரண்டு சொற்களைத் திருத்தினாளாம்.

அன்பர்களே, பாட்டியின் கேள்வி அவளுடையது மட்டுமா? நம் வீட்டுக் குழந்தைகளும் காலையில் இந்தியில் பாடம் படித்து, மாலையில் நம்மிடம் பாதித் தமிழில் பதில் சொல்கிறார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யவேண்டும் என்று 1956-இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350-அ பிரிவு சொல்கிறது. கோண்டுக் குழந்தைக்கும் இட்டார்ஸியில் வளரும் தமிழ்க் குழந்தைக்கும் ஒரே பிரிவுதான். 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையேனும் தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. தாளில் இருப்பதைத் தாழ்வாரத்திற்குக் கொண்டுவருபவர் ஆசிரியர். அவருக்குத் துணை நிற்பவர் ஊரார்.

கிராமத்துப் பள்ளியின் குறைகளை நான் மறைக்கவில்லை. ஆசிரியர் போதவில்லை, உள்ள ஆசிரியர்க்கும் ஓய்வில்லை, காடும் அறுவடையும் குழந்தைகளை இழுக்கின்றன. ஆனால் சமவெளியில் முள்ளைக் கொண்டு விஞ்ஞானம் கற்பித்தவர்களும், மலையில் நோட்டுப் புத்தகத்தில் மொழியைச் சேர்ப்பவரும் அதே பள்ளிகளில்தான் தோன்றினார்கள். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலே வருகை குறைகிறது என்று செயலாளர் வருந்துகிறார். அங்கே கட்டடமும் விளக்கும் மின்விசிறியும் புத்தகமும் உண்டு. ஓடையைக் கடக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பாட்டிமார்க்குச் சொற்களும் நிறைய உண்டு. ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துப் பாட்டியின் முன் அமர்த்துவோம். தவறானதைத் திருத்த அவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.