வாணக் கப்பல்

ராக்கெட்டுக்குத் தமிழில் வாணம் என்றொரு பழம்பெயர் உண்டு. அம்பைக் குறிக்கும் பாணத்தின் திரிபு அது. இன்று வாணவேடிக்கை போன்ற தொடர்களில் அச்சொல் உயிர் தரித்திருக்கிறது. அதன் போர்முகத்தை நாம் ஏறக்குறைய மறந்தே விட்டோம்.

காவிரிப் பரிசல் ஒன்றில் பீரங்கியை ஏற்றிச் சுட்டால் பின்னுதைப்பில் பரிசல் கவிழ்ந்துவிடும். வாணமோ பின்னே நெருப்பை உமிழ்ந்து தானே முன்னேகுவது. ஏவுகிற சட்டத்தை அது உதைப்பதில்லை. காலிப் புட்டியில் நிறுத்திக் கொளுத்தும் தீபாவளிச் சிறுவருக்கும் இது தெரியும். ஆகவேதான் சிறு படகும் பெரும்போர்க் கப்பலின் வேலையைச் சில நிமிடங்களேனும் செய்ய முடிந்தது.

மைசூர்ப் படையின் இரும்புக்குழல் வாணங்கள் சில, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இங்கிலாந்து சென்றன. வில்லியம் காங்கிரீவ் அவற்றைக் கொண்டு ஆய்ந்து புதியன செய்தார். 1806இல் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோன்மீது படகுகளிலிருந்து அவை பாய்ந்தன. ஆதிரங்கம் எனப்படும் அக்காவிரித் தீவின் கருவி கடலேறியது இவ்வாறே. (அந்தியரங்கம் நம் திருவரங்கம்.)

பின்னர் பீரங்கிகள் செம்மையுற்றன; குறி தவறும் வாணத்தின் மதிப்புக் குறைந்தது. அதனை மீண்டும் கடலுக்கு அழைத்தது இரண்டாம் உலகப் போர். 1943 நவம்பரில் தராவா தீவில் அமெரிக்கர் கரையிறங்கினர். தம் வீரர் கரையை நெருங்குகையில் போர்க்கப்பல்கள் சுடுவதை நிறுத்த வேண்டும்; அந்தச் சில நிமிட இடைவெளியில் பதுங்குகுழியிலிருந்த ஜப்பானியர் துப்பாக்கிகளைத் தூக்கி நிமிர்ந்துவிட்டனர். மூன்று நாள்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். அந்த இடைவெளியை நிரப்பவே வாணம் வேண்டியதாயிற்று. 1944 தொடக்கத்தில், குவாஜலீனில், சிறு படகுகளில் அதைப் பொருத்திப் பார்த்தார்கள். 1945இல் ஓகினாவாவுக்கு அதற்கெனவே மாற்றியமைத்த பன்னிரண்டு கப்பல்கள் வந்தன. நீளம் சுமார் 62 மீட்டர்தான். முதல் எட்டும் தலைக்கு 480 வாணங்களை ஒரே வீச்சில் ஏவ வல்லவை. குறி என்று ஒன்றில்லை. கரை முழுவதுமே குறி. ஒரு வீச்சு முடிந்தால் வீரர்கள் ஒவ்வொன்றாகக் கையால் நிரப்ப வேண்டும்.

மார்ச் 26இல் கெராமாத் தீவுகளில் அவை கரையிறக்கத்துக்குத் துணைநின்றன. பிறகு அவற்றையே விமானக் காவலுக்கு அனுப்பினார்கள். வானூர்திக்கு எதிராக இவ்வாணங்களால் ஆவதொன்றுமில்லை. கப்பலோ வெடிமருந்துக் கிடங்கு. மே 3இல் 195ஆம் எண் கப்பல் மீது தற்கொலை விமானம் மோதியது. அதன் வாணங்களே அதற்குள் வெடித்தன. மறுநாள் 190, 194 இரண்டும் மூழ்கின. யாருடைய கணக்குப்படி இது சரியான ஏவல் என்று நமக்கு இன்றும் விளங்கவில்லை.

திருச்சி மாணவர்க்கு இக்கதையில் தனி உரிமை உண்டு. இங்குள்ள புனித வளனார் கல்லூரியில் பயின்ற அப்துல் கலாம், அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்தில் திப்பு படையின் வாணங்களைக் காட்டும் ஓவியத்தைக் கண்டதை 'அக்னிச் சிறகு'களில் எழுதியிருக்கிறார். வகுப்பில் அதைச் சொன்னால் முகங்கள் மலர்கின்றன. நமக்கும் பெருமிதம்தான். ஆயினும் 1781இல் ஹைதரின் படையும் 1790இல் திப்புவின் படையும் வந்து நின்றது இதே திருவரங்கத் தீவில். சூறையாடப்பட்டது நம் ஊர். இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "அப்படியென்றால் வாணம் நம்முடையதா, நம்மீது வந்ததா, ஐயா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றோம். அவருக்கு அது போதவில்லை, போதாதது நியாயமே.

அதனால் கெராமாவையும் சொன்னோம். அங்கே கப்பல்கள் வந்த நாள்களில், பிடிபட்டால் கொடுமையே நேரும் என்று தம் படையினரால் நம்பவைக்கப்பட்ட தீவு மக்கள், டொகாஷிக்கியிலும் ஸமாமியிலும் குடும்பம் குடும்பமாகத் தம்மை மாய்த்துக்கொண்டனர். சிலர் கையில் ஜப்பானியப் படை கொடுத்த எறிகுண்டுகள் இருந்தன. அவை கிடைக்காதவர்கள் கயிற்றையும் சவரக்கத்தியையும் எடுத்தார்கள்.