தாத்தா அடக்கிய மூச்சு

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். தாத்தாவும் குதித்திருக்கிறார். "கல்லோட இறங்கிட்டா, மேல கயிறு பிடிக்கிற மச்சானைத்தாம்ல நம்பணும்" என்பார். ஒரு நிமிடம் தம் கட்டுவாராம். கதையில் அது மூன்று நிமிடமாகிவிடும்.

அப்பாவுக்கு 43 வயதில் இரண்டு சிறுநீரகங்களிலும் புற்றுநோய்க் கட்டி. இளவயதில், இரு பக்கமும் வந்தால் மரபணுவையும் பார்க்கச் சொல்கிறார்கள். வி.ஹெச்.எல் மரபணுவில் பிழை.

ஆக்சிஜன் குறைந்தால் உடலில் ஒரு புரதம் சேர்ந்து, புது ரத்தக்குழாய்களை உண்டாக்கச் சொல்லும். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது அந்தப் புரதத்தைக் கழித்துக்கட்டுவது வி.ஹெச்.எல். பெற்றோரிடமிருந்து வரும் அதன் இரண்டு பிரதிகளும் ஒரு செல்லில் பழுதானால், கரையில் இருந்தாலும் கடலடியில் மூச்சு முட்டுவதாகவே அந்தச் செல் நினைத்துக்கொள்ளும். கட்டிக்கு ரத்தம் பாயும். உடல் ஆக்சிஜனை உணரும் இந்தச் சூட்சுமத்துக்குத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூவருக்கும் 2019-ல் நோபல். டிப்ளமோ படிக்கும்போது மனப்பாடம் செய்த பெயர்கள்!

தாத்தா கொடுத்ததா? அவர் 80 வரை நன்றாக இருந்தார். இந்தப் பிழை ஐந்தில் ஒருவருக்குப் புதிதாகவே தோன்றுமாம். ஆனால், அப்பாவிடமிருந்து எனக்கும் தங்கச்சிக்கும் வர ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால் தவறாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும். கட்டி வந்தாலும் பெரும்பாலும் 3 செ.மீ. வரை கண்காணித்து, அதை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள்.

போன வாரம் ரத்தம் கொடுத்துவிட்டேன். தங்கச்சிக்கு தை மாதம் கல்யாணம். "இப்போ வேண்டாம்ண்ணே" என்கிறாள். "மாப்பிள்ளை வீட்டுல யாரு சொல்லுறது?" என்று அம்மா என்னைப் பார்க்கிறாள். ரிப்போர்ட் வர மூன்று வாரமாகும்.