வலது கட்டைவிரல்

நெயில் பாலிஷ் பெயராமல் இருக்க வேண்டியதெல்லாம் செய்கிறேன். ரிமூவர் தொட்ட பஞ்சால் நகத்தின் எண்ணெய்ப் பசையைத் துடைப்பேன். குளித்த கையோடு பூசமாட்டேன். நகம் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலிருக்கும் பூச்சு அதற்கு ஈடுகொடுக்காமல் விளிம்பில் விட்டுவிடும். பேஸ் கோட், மெல்லிசாக இரண்டு பூச்சு, டாப் கோட். ஒவ்வொரு முறையும் நுனி விளிம்பையும் சேர்த்து மூட வேண்டும், அதுதான் முக்கியம்.

ஞாயிறு இரவு பூசினால் செவ்வாய்க்குள் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விடும். பூண்டு உரிப்பதும் குக்கர் அடியைச் சுரண்டுவதும் அவைதானே. இடது சுண்டுவிரல் மட்டும் வாரம் முழுக்கக் கல்யாணப் பெண் மாதிரி மினுங்கும்.

அழகுக் குறிப்புகள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவச் சொல்கின்றன. வீட்டில் வேறு கைகளும் இருக்கின்றன என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

போன மாதம் இரவுப் பாத்திரத்தை மகனிடம் விட்டேன். “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்றார் அவன் அப்பா. பாலிஷைத்தான் கேட்டார். நான் விரல்களை விரித்தபடியே உட்கார்ந்திருந்தேன். குக்கரில் இன்னும் பிசுக்கு இருக்கிறது, பையன் கற்றுக்கொள்வான். இந்த வாரம் கட்டைவிரல் வியாழன்வரை தாங்கியது.