கேட்பது பிச்சை அல்ல

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொழுந்து மலையை விடக் கட்டட வேலைதான் இப்போது பழக்கம். பாதிப் பேர் ஹட்டனில் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்விடுகிறார்கள். மீதிப் பேருக்கு இங்கேயே வேலை இருக்கிறது. லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு, நுவரெலியாவில் ஹோட்டல் என்று எங்கு பார்த்தாலும் சாரம் கட்டி நிற்கிறது. மலையில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. நனைந்த பலகையில் கால் வழுக்க ஒரு நொடி போதும்.

பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் அப்படித்தான் விழுந்தான். கூட இருந்தவர்கள் பதறிப்போய்க் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்பில் செய்ததுதான். ஆனால் உயரத்திலிருந்து விழுந்தவனை அப்படித் தூக்கவே கூடாது. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருந்தால் அதுவே அவனை முடமாக்கிவிடும். மேலே ஏதும் சரிந்து விழும் ஆபத்து இல்லையென்றால் அசைக்காமல் அப்படியே கிடக்க விட்டு, 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் லயத்தடி வரை ஏறாத பாதை நம்முடையது. தூக்கித்தான் ஆகவேண்டுமென்றால் கதவுப் பலகையில் நேராகக் கிடத்தி, தலை ஆடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, வீட்டுப் படியில் விழுந்ததாகப் பையன் சொன்னான். சொல்லச் சொன்னவர் கொந்தராத்துக்காரர். அவர் அந்நியர் இல்லை, அவனுக்கு மாமா முறை. மாலையில் அவனுடைய அம்மாவிடம் கொஞ்சம் காசும் ஒரு தாளும் கொடுத்தனுப்பினார். கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அந்த அம்மா என்னிடம் வந்தார். "அண்ணே, மாமன் மேலே போய் கேஸ் போடுறதா?" என்பதுதான் அவருக்கு இருந்த முதல் கவலை.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் இளமைக் காலத்தில் சட்டம் என்பது துரைமாருக்கு உரிய சாமான் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது, நான் பிறப்பதற்கும் முன்னால். வேலைக்கு வா என்று வாயால் சொன்னதே அதற்கு ஒப்பந்தம்தான். கடிதம் இல்லை, நாள் கூலிதான் என்பதற்காக உரிமை போய்விடாது. பெரிய கம்பனி தன் கட்டட வேலையைச் சின்னக் கொந்தராத்துக்காரரிடம் பிரித்துக் கொடுத்திருந்தால், அந்தக் கம்பனியிடமே நட்டஈடு கேட்கலாம். நட்டஈட்டின் உச்ச வரம்பை 2022இல் ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். காயத்தின் அளவையும் சம்பளத்தையும் பார்த்துத்தான் தொகை வரும். உரிமையை விட்டுவிட்டேன் என்று எழுதி வாங்கினாலும் அந்த எழுத்து செல்லாது. ஆனாலும் அப்படியொரு தாள் இழுத்தடிக்க உதவும், அதனால் கையெழுத்தே போடாமலிருப்பது நல்லது.

நான் மாமனிடம்தான் முதலில் போனேன். பிளேன்டீ குடித்தபடி நெடுநேரம் பேசினோம். மனுசன் கெட்டவர் இல்லை, பயந்தவர். மேலே உள்ள கம்பனி அடுத்த வேலையைத் தராது என்ற பயம். பையன் ஊனமாகிப் போனால் வருடக் கணக்கில் அவனுக்குச் சோறு போட உங்களால் முடியுமா என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. மறுநாள் அவரே என்னுடன் வார்டுக்கு வந்தார். பையன் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னான், டாக்டரும் எழுதிக்கொண்டார். நட்டஈடு வர நாளானது. வந்தபோது மாமன் உறவும் கெடாமல் இருந்தது.

உறவுக்காரரிடம் கேட்கக் கூச்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் உழைப்பில் உடைந்த எலும்புக்குக் கேட்கும் காசு பிச்சை இல்லை, சம்பளத்தைப் போல அதுவும் நமக்குச் சேர வேண்டியது.

ஆகவே பிள்ளைகளே, ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையிலேயே வேலைத்தலத்தில் விழுந்ததாகச் சொல்லுங்கள். பொலிசிலும் அப்படியே பதியுங்கள். கிளினிக் துண்டு, எக்ஸ்ரே, மருந்துச் சிட்டை ஒன்றையும் எறிய வேண்டாம். கூட வேலை செய்தவர்களின் பெயரையும் போன் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். சாரத்தைப் பிரிப்பதற்குள் ஒருவன் போனில் படம் எடுக்கட்டும். பிறகு தொழில் திணைக்களக் காரியாலயத்துக்கோ தொழிற்சங்கத்துக்கோ போய், கொழும்பிலுள்ள நட்டஈட்டு ஆணையாளருக்கு மனு எழுத உதவி கேளுங்கள். காயம் ஆறட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.