கூடாரத்தைத் தெரிந்துகொள்ளும் முன்



கோடை விடுமுறை நெருங்கிவரும் இந்நாட்களில், நம் சபையின் இரண்டு குடும்பத்தார் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர்: “ஐயா, கென்யாவில் வனவிலங்குகளைப் பார்க்கப் போகிறோம். எந்த விடுதி நல்லது?” எங்கள் முப்பதாம் திருமண நிறைவுக்குப் பிள்ளைகள் அளித்த அன்பளிப்பினால் நானும் என் துணைவியாரும் மாசாய் மாராவுக்குச் சென்று வந்ததை அவர்கள் அறிவார்கள். அவர்கள் வாய்விட்டுக் கேளாத இன்னொரு கேள்வியும் அதற்குள் இருந்தது: “இத்தனை பணத்தை இதற்குச் செலவிடுவது தகுமா?” இவ்விரண்டையும் பிரித்துப் பேச இயலாது என்பதால், இவ்வாரம் சேர்த்தே சிந்திப்போம்.

மாராவின் உயர்தர விடுதிகளில் ஒருவர் ஓரிரவு தங்க 500 டாலர் முதல் 1,500 டாலருக்கு மேலும் ஆகும். நம்மில் பலருக்கு அது மாதச் சம்பளம். இதைப் பாவம் என்று சொல்லவும் எனக்கு அதிகாரமில்லை. கவலையின்றிப் போய் வாருங்கள் என்று சொல்லவும் மனமில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். யோபின் புத்தகம் 39ஆம் அதிகாரத்தில் தேவன் யோபுக்குக் காட்டும் மிருகங்களைக் கவனியுங்கள். காட்டுக் கழுதையும், காண்டாமிருகமும், தீக்குருவியும் மனிதனுக்கு ஏர் உழுவதில்லை, பாரம் சுமப்பதில்லை. நமக்குப் பயன்படாத உயிர்களிலும் சிருஷ்டிகர் மகிழ்கிறார் என்பதை நேரில் காண்பது வீண் ஆசையன்று. அதைக் காணச் செல்வோர் கேட்டுக்கொள்ள வேண்டியது: நான் கொடுக்கும் பணம் அந்த நிலத்தைக் காக்கிறதா, அழிக்கிறதா?

இதற்கான விடை விடுதியின் படுக்கையறைப் படங்களில் கிடைக்காது. அது எந்த நிலத்தில் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். மாசாய் மாரா தேசியக் காப்பகம் ஏறக்குறைய 1,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. தெற்கே தான்சானியாவின் செரெங்கேட்டியோடு அது இணைந்திருக்கிறது. விலங்குகளுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. காப்பகத்தின் வடக்கிலும் கிழக்கிலும் மாசாய் மக்களுக்குச் சொந்தமான நிலங்கள் உள்ளன. தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்து விடுதி நடத்துவோருக்குக் குத்தகைக்கு விட்டு, அவற்றைக் காப்புநிலங்களாக வைத்திருக்கிறார்கள். அங்கே இவற்றைக் ‘கன்சர்வன்சி’ என்பர். மாரா நார்த், ஒலாரே மோட்டோரோகி, ஒல் கின்யேய், நபோயிஷோ ஆகியவை அவற்றுள் சில.

2010இல் உருவான நபோயிஷோவில் மட்டும் 500க்கும் மேற்பட்ட மாசாய் நில உரிமையாளர்கள் சேர்ந்திருக்கின்றனர். நிலத்தை வேலியிட்டுப் பிரிக்காமலும் உழுது பயிரிடாமலும் விடுவதற்கு ஈடாக அவர்களுக்குக் குத்தகைப் பணம் வருகிறது. ஆடுமாடு மேய்ப்பதும் ஒழுங்குமுறையோடு தொடர்கிறது. 2020இல் பெருந்தொற்றினால் பயணிகள் வராதபோது இந்தக் குத்தகை வருவாயும் சுருங்கிற்று. நாம் ஓர் இரவுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு மேய்ப்பனின் வீட்டுச் செலவும், ஒரு சிங்கம் நடமாடும் வெளியும் அடங்கியிருக்கின்றன என்பது அப்போது வெளிப்படையாயிற்று.

அங்கே விடுதிகளின் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு. நபோயிஷோவில் 350 ஏக்கருக்கு ஒரு கூடாரம், ஒலாரே மோட்டோரோகியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்பதே கணக்கு. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வாகனங்களுக்கு மேல் நிற்கக்கூடாது. தேசியக் காப்பகத்தில் அனுமதியில்லாத இரவுப் பயணமும், வழிகாட்டியோடு நடந்து செல்வதும் இங்கே இயலும். விலை கூடுதலாயிருப்பதற்கு இந்தக் கூட்டமின்மையும் ஒரு காரணம்.

அந்த ஐந்து வாகன விதியை நாங்கள் அனுபவித்தே அறிந்தோம். ஒரு சிவிங்கிப்புலி தன் குட்டிகளோடு புற்றின்மேல் அமர்ந்திருப்பதாக ஒரு காலையில் செய்தி வந்தது. நாங்கள் சென்றபோது அங்கே ஐந்து வாகனங்கள் நின்றன; எங்களுடையது ஆறாவது. எங்கள் வழிகாட்டி தொலைவிலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டார். அவர் மாசாய் இளைஞர். தம் தகப்பனாரின் நிலமும் அந்தக் குத்தகையில் சேர்ந்ததே என்று சொல்லியிருந்தார். இருபது நிமிடம் காத்திருந்தோம். எங்கள் முறை வருமுன் தாயும் குட்டிகளும் உயர்ந்த புல்லுக்குள் இறங்கிவிட்டன. புல் அசைந்ததை மட்டுமே கண்டோம். என் துணைவியார், “அதற்கும் குட்டிகளுக்குப் பசியாற்ற வேண்டாமா?” என்றார். மொய்க்கும் வாகனங்களால் சிவிங்கிப்புலிகளின் வேட்டை கெடும் என்பதை வழிகாட்டி பின்னர் விளக்கினார். பணம் கொடுத்தவர்களிடம் “பொறுங்கள்” என்று சொல்லத் துணியும் விடுதி எதுவோ, அதுவே நல்ல விடுதி.

ஆகவே நீச்சல்குளத்தைப் பார்ப்பதற்கு முன் வழிகாட்டியைப் பற்றி விசாரியுங்கள். கென்யாவில் சஃபாரி வழிகாட்டிகளுக்கான தொழிற்சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று தரங்களை வழங்குகிறது. எக்கோடூரிசம் கென்யா என்னும் அமைப்பும் விடுதிகளுக்கு அதே மூன்று தரங்களில் சுற்றுச்சூழல் சான்று தருகிறது. நீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், மின்சாரம் சூரிய ஒளியிலிருந்தா, குப்பை எங்கே போகிறது, ஊழியரில் எத்தனை பேர் அருகிலுள்ள ஊரார் என்று எழுதிக் கேளுங்கள். வேலையாளின் கூலியைக் குறித்து யாக்கோபின் நிருபம் 5ஆம் அதிகாரம் எச்சரிப்பதை வாசித்த நாம், நம் படுக்கையை விரிப்பவரின் கூலியைக் குறித்துக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

2025 ஆகஸ்டில் மாராவில் பன்னாட்டு ஆடம்பர விடுதியொன்று ஆற்றங்கரையில் திறக்கப்பட்டபோது, விலங்குகளின் வலசைப் பாதையை அது மறிக்கிறது என்று மாசாய் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் நாரோக் நகர நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அப்படியில்லை என்று அதிகாரிகள் மறுத்தனர். பின்னர் வழக்குத் திரும்பப் பெறப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ‘ஆற்றைப் பார்த்த அறை’ என்று விளம்பரத்தில் படிக்கும்போது, அதே ஆற்றங்கரை யாருக்கெல்லாம் வழியாக இருந்தது என்று யோசிக்கவேண்டும்.

இனி நடைமுறைக் காரியங்கள் சில. வில்டபீஸ்ட்கள் பெருங்கூட்டமாக, வரிக்குதிரைகளோடு சேர்ந்து மாராவில் காணப்படுவது பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரை. நம் பிள்ளைகளுக்கு விடுமுறையான ஏப்ரல், மே மாதங்கள் அங்கே பெருமழைக் காலம். விலை குறையும், பாதைகள் சேறாகும், சில விடுதிகள் மூடியிருக்கும். ஆயினும் சிங்கங்களும் யானைகளும் ஆண்டு முழுவதும் அங்கேயே உண்டு. தேசியக் காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் 2024 முதல் வெளிநாட்டவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜூன் வரை 100 டாலர், ஜூலையிலிருந்து 200 டாலர். விடுதி சொல்லும் விலையில் இக்கட்டணமும், காப்புநிலக் கட்டணமும், வாகனப் பயணமும், உணவும் அடங்குமா என்று தெளிவாகக் கேளுங்கள். குறைந்த விலை என்று தோன்றியது இவற்றைக் கூட்டியபின் அதிகமாகிவிடும்.

பல கூடார விடுதிகளுக்கு வேலி கிடையாது. இருட்டியபின் காவலர் துணையின்றி அறையைவிட்டு வெளியேறலாகாது. எங்கள் வாசலருகே நீர்யானை மேயும் சத்தம் இரவெல்லாம் கேட்டது. சிறு பிள்ளைகளைச் சில விடுதிகள் ஏற்பதில்லை. முதியோர் இருந்தால் படிகளைப் பற்றியும் கேட்டுவையுங்கள். நைரோபியின் வில்சன் நிலையத்திலிருந்து செல்லும் சிறு விமானங்களில் பெட்டிக்கு 15 கிலோ அளவு. மடங்கக்கூடிய பையே ஏற்றது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டுச் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிடில் இந்தியா திரும்பும்போது தனிமைப்படுத்தப்பட நேரிடும். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரை அணுகுங்கள்.

அன்பானவர்களே, ஏழு இரவு தங்க எண்ணியவர்கள் நல்ல காப்புநிலத்தில் மூன்று இரவு தங்கினால் போதும் என்பது என் ஆலோசனை. மீதியாகும் தொகையைக் குடும்பமாக அமர்ந்து ஜெபித்து, யாருக்குத் தேவையோ அவருக்குக் கொடுங்கள். போக இயலாதவர்கள் குறைவாக எண்ணவேண்டாம்; 104ஆம் சங்கீதத்தை இன்றிரவு குடும்ப ஜெபத்தில் முழுதும் வாசியுங்கள். இரை தேடும் சிங்கக்குட்டிகளும், விடிந்ததும் வேலைக்குப் போகும் மனிதனும் அங்கே அடுத்தடுத்து நிற்கிறார்கள். காட்டையும் வீட்டையும் ஒருங்கே போஷிக்கிற தேவன் உங்கள் தீர்மானங்களில் வழிநடத்துவாராக. ஆமென்.