மிகைபடக் கூறல்

நூற்குற்றம் பத்தினுள் முதலாவது குன்றக் கூறல், இரண்டாவது மிகைபடக் கூறல் என்று நன்னூற் பாயிரத்திற் படித்தேன். தேர்விலும் பிழையின்றி எழுதினேன். ஆயினும் அக்குற்றங்கள் நூலில் மட்டும் நேர்வன அல்ல என்பதை விடுதியில் நடந்த ஜெபக்கூட்டம் ஒன்றே எனக்குக் கற்பித்தது.

அன்று பேசும் முறை என்னுடையது. அமெரிக்காவின் முன்னாட் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அவர்தம் 90-ஆம் வயதில், மெலனோமா என்னும் கொடிய புற்று ஈரலிலும் மூளையிலும் பரவியிருப்பது வெளியாயிற்று. ஈரலில் ஒரு பகுதியை மருத்துவர் அறுத்து நீக்கினர். மூளையிலிருந்த 4 சிறு புள்ளிகளின்மேற் கதிர் செலுத்தினர். பெம்புரோலிசுமாப் என்னும் மருந்தையும் இரத்தக்குழாய் வழியே ஏற்றினர். அவ்வாண்டு டிசம்பரில், தம் சிற்றூராகிய பிளெயின்ஸில் ஞாயிறு பள்ளி வகுப்பு நடத்துகையில், மூளையிற் புற்றின் அடையாளமே இல்லை என்று அவர் அறிவித்தார். பின்னும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 2024-இல் 100 வயதினராய் மறைந்தார். “கதிரும் மருந்தும் கூடின் முற்றிய புற்றும் நில்லாது” என்று முழங்கி அமர்ந்தேன்.

கூட்டம் கலைந்தபின் நண்பர் ஒருவர் என் அறைக்கு வந்தார். அவருடைய தந்தையாரின் உள்ளங்காலில் தோன்றிய அந்நோய் நுரையீரல்வரை பரவியிருந்தது. “நிலத்தை விற்றேனும் அச்சிகிச்சை செய்விக்கலாம், அப்பா பிழைப்பாரல்லவா?” என்று வினவினார். யான் விடையறியாது நின்றேன்.

மறுநாள் இருவரும் விலங்கியற் பேராசிரியரிடம் சென்றோம். அவர் பொறுமையுடன் விளக்கினார்: “குருதியிலுள்ள வெள்ளணுக்கள் கோட்டை காவலரைப் போன்றவை. அவை சொந்த உடலையே தாக்காதபடி இயற்கை சில தடைகளை அமைத்துள்ளது. புற்று அத்தடைகளைப் பயன்படுத்தித் தப்பிக்கொள்கிறது. இம்மருந்து அத்தடையை விலக்கும். கதிரோ புற்றணுக்களைச் சிதைத்து அவற்றின் உட்பொருள்களை வெளிப்படுத்துதலால், காவலர் பகையை அடையாளங்காணவும் கூடும். தடைநீக்கும் மருந்து பெற்றுவந்த ஒரு பெண்மணிக்கு முதுகெலும்பின் அருகிருந்த கட்டிக்கு மட்டும் கதிர் செலுத்த, கதிர் படாத கட்டிகளும் சுருங்கின என்று நியூயார்க் மருத்துவர்கள் 2012-இல் எழுதினர். ஆனால் அஃது அரிதாகவே நிகழும். எவர்க்கு நிகழுமென்று முன்னறிய இயலாது. கார்ட்டருக்கு அறுவை, கதிர், மருந்து மூன்றும் நடந்தன. எது எவ்வளவு உதவிற்று என்று ஒருவர் வரலாற்றைக்கொண்டு துணியலாகாது. மருந்து சிலர்க்குச் சிறிதும் பயன்படுவதில்லை. உள்ளங்காலில் தோன்றும் வகை அதற்குக் குறைவாகவே இணங்குகிறது. காவலர் உடலையே தாக்கும் இடரும் உண்டு.”

நண்பரின் முகம் வாடிற்று. “அப்படியாயின் நம்பிக்கையே இல்லையா, ஐயா?” என்றார்.

“இல்லை என்பதும் பொய்யே. 2010-க்கு முன் இந்நோய் முற்றியவருட் பெரும்பாலோர் ஓராண்டிற்குள் இறந்தனர். இன்று பல்லாண்டு வாழ்வோர் பலர். முதலில் புற்றுநோய் மருத்துவரைக் கண்டு, தந்தையாரின் நிலைக்கு எது பொருந்தும் என்று கேளும். நிலத்தைப்பற்றி அதன்பின் எண்ணலாம்.”

திரும்பும் வழியில் நண்பரிடம் மன்னிப்பு வேண்டினேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் தந்தையார் இப்பொழுது சிகிச்சை பெற்று வருகிறார். பயன் இனித்தான் தெரியவேண்டும்.

கார்ட்டரின் வரலாற்றை இனியும் சொல்வேன்; சொல்லாதொழிதல் குன்றக் கூறலாகும். ஆயின் கேட்போருள் நோயாளியின் மகன் ஒருவன் இருக்கிறான் என்று நினைந்தே சொல்வேன்.