வலிக்கும் கையுறை

நாமக்கல் சமவெளியில் நின்று நாம் அண்ணாந்து நோக்கும் கொல்லிமலையில், 1914ஆம் ஆண்டு மறைப்பணியாளர் இல்லமொன்றில் பிறந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். அவர் நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். எனினும் அவரை நம் மண்ணின் மைந்தர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று அன்று பலரும் எண்ணினர். வேலூரில் பணியாற்றிய பிராண்ட், உண்மை வேறெனக் கண்டார். நரம்புகள் உணர்விழந்தமையால் நெருப்புச் சுடுவதும் ஆணி குத்துவதும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆறாத காயங்களே விரல்களைக் கொண்டுபோயின.

பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில், இழந்த உணர்வுக்கு ஈடாகக் கருவி செய்ய முயன்றார். அழுத்தத்தை அறியும் மெல்லிய உணரிகள் கையுறையில் பொருத்தப்பட்டன. அழுத்தம் மிஞ்சினால் ஒலி எழும். அவ்வொலியை நோயாளர் பொருட்படுத்தவில்லை. ஆகவே, உடலில் உணர்வு எஞ்சிய இடத்தில் மின்னதிர்ச்சி தரப்பட்டது. அவர்களோ, கடினமான வேலை வந்ததும் விசையை அணைத்தனர். வேலை முடிந்ததும் மீண்டும் போட்டுக்கொண்டனர்! முள் தைத்த நம் விரலில் அணைப்பதற்கு விசை ஏது? கருவிகளும் அடிக்கடி பழுதாயின. முயற்சி கைவிடப்பட்டது.

சேலத்து நெசவாளர் பட்டையும் பருத்தியையும் தடவியே இனங்காண்பர். விரல்ரேகை துணியில் உரசும்போது எழும் நுண்ணதிர்வே அதற்குத் துணை. தோல்போல் வளையும் இன்றைய உணரிகள் அவ்வதிர்வையும் படிக்கின்றன. விசை மட்டும் இன்னும் நம் கையிலேதான் இருக்கிறது.

இத்தகைய கருவி எதுவும் இல்லாத வேலூர் நாட்களில், உறங்கும் நோயாளரின் விரல்களை எலிகள் கடித்தன, அவர்களோ அறியவில்லை. எனவே, குணமடைந்து வீடு திரும்புவோரிடம் பூனையொன்றைக் கொடுத்தனுப்பினர்.